தாம்பரத்துக்குப் போன லைன்

1

சென்ற வாரம் குடியுரிமை நேர்காணலுக்காகப் பதிவு இலாகாவுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் என் கையில் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டைதான். இங்கே தங்கலாம், வேலை செய்யலாம், ஆனால் இந்நாட்டுப் பிரஜை இல்லை என்பது அந்தச் சிவப்பின் பொருள். நீல அட்டைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கிறேன்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகளைவிடச் சற்று வயது கூட இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். என்ன வேலை என்று கேட்டாள். "ஆப்பரேட்டர் கிலாங்" என்றேன். தொழிற்சாலை ஆப்பரேட்டர். எந்தத் தொழிற்சாலை என்றாள். பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அவளுடைய அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாளாம். அது மூடிச் சில வருடங்களாகிவிட்டன என்பது அவளுக்கும் தெரியும். எழுதியதை அடித்துவிட்டு, "சூரி ருமா" என்று எழுதினாள். இல்லத்தரசி.

துணைக்கு வந்திருந்த மகள் கவிதா வெளியே வந்ததும் கேட்டாள்: "ம்மா, ஏன் இன்னும் ஆப்பரேட்டர்னு சொல்றே? க்ளோஸ் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

"வாயில வந்திருச்சு."

வெட்கமாகவோ வருத்தமாகவோ இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல் இருக்குமே, அப்படி இருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, நான் இங்கே என்ன வேலை பார்த்தேன் என்று ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. "மலேசியாவில் கம்பெனி வேலை" என்பதோடு நிறுத்திவிடுவேன். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

2

எனக்குப் பல்லாவரம். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் மலேசிய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பகுதியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. பின்கட்டு ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம்.

வந்த புதிதில் மலாய் ஒரு வார்த்தை தெரியாது. "அப்பா" என்றால் மலாயில் "என்ன" என்று அர்த்தம். கடையில் காய் விற்ற அம்மாள் "சாரி அப்பா?" என்று கேட்டாள். என்ன தேடுகிறாய் என்கிறாள். நானோ, "அப்பா பல்லாவரத்துல இருக்காரு" என்று தமிழில் பதில் சொன்னேன். என் கணவர் அதை வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருடங்களில் நகருக்கு வெளியே சுங்கை வே என்ற இடத்தில் வேலியடைத்து, வரிசையாக வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் கட்டினார்கள். முன்பு ஈயம் தோண்டிய நிலமாம். பெண்கள் வேண்டும் என்று எங்கும் ஆள் கேட்டார்கள். பிரிக்பீல்ட்ஸுக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. இருந்தது, கண் நன்றாகத் தெரிந்தது. அவ்வளவுதான் கேட்டார்கள்.

வேலை இதுதான். அமெரிக்காவில் செய்த எலக்ட்ரானிக் சில்லு ஒன்று தட்டில் வரும். அரிசியில் பாதிகூட இருக்காது. தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு முனையை அதிலும் மறு முனையை அதைத் தாங்கும் உலோகச் சட்டத்திலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்ட வேண்டும். ஒட்டியதும் தட்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே கறுப்பு மூடி போடுவார்கள். அதன்பின் சோதிக்க சிங்கப்பூருக்கு, அங்கிருந்து வேறெங்கோ. கடைசியில் அது காருக்குள் போகிறதா, கணக்குப் போடும் கருவிக்குள் போகிறதா, எங்களுக்குத் தெரியாது. கேட்டால் சூப்பர்வைசருக்கும் தெரியாது.

என் பக்கத்து மெஷின் சரோஜாவுடையது. கிள்ளானை அடுத்த ரப்பர் தோட்டத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுப்பவர்கள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள், ஆனால் எனக்கு முன்பே சேர்ந்தவள். முதல் நாள் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்ததைப் பார்த்துவிட்டு, "கழுத்த ஒடிச்சுக்காதக்கா. நாற்காலிய ஏத்து லா" என்றாள். பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அந்த "லா" இந்த ஊர் வழக்கம். அன்று முதல் சாப்பாடும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையும் அவளோடுதான். அவள் பங்சார் முனையில் இறங்கிக் கிள்ளான் பஸ் பிடிப்பாள். நேர்வழி அதுவல்ல, பேசிக்கொண்டு வருவதற்காகச் சுற்றிப் போவாள்.

எங்கள் கேட்டைச் சுற்றி ஓர் ஊரே உருவானது. மீ என்னும் நூடுல்ஸ் பொரித்து விற்பவர், அறை வாடகைக்கு விடுகிறவர்கள், ஓவர்டைம் கிடைத்த வாரம் பார்த்து வரும் துணி வியாபாரி. எங்களுக்குப் பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுக்கவே ஒரு சீனர் கிள்ளான் சாலையில் பட்டறை போட்டார். சரோஜாவின் தோட்டத்தை விற்று வீட்டுமனையாக்கினார்கள். மரம் போனபோது அவள் பெற்றோருக்கு வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அவள் சம்பளத்தில்தான் ஃபிளாட்டில் குடியேறினார்கள். "மரத்த நம்பியிருந்தா நடுரோட்டுல நின்னிருப்போம்" என்று சொல்வாள். அதை நன்றியோடுதான் சொல்வாள்.

எண்பதுகளின் நடுவில் ஒருமுறை ஆர்டர் குறைந்தது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. புரொடக்‌ஷன் மேனேஜர் மிஸ்டர் லிம்மைக் கேட்டால், "எச்.க்யூ. சொல்லணும்" என்பார். அமெரிக்காவில் இருந்த அந்த எச்.க்யூ.வை, தலைமை அலுவலகத்தை, எங்களில் யாரும் பார்த்ததில்லை; அவரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். எங்கோ யாரோ கம்ப்யூட்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்களாம், சுங்கை வேயில் மீ விற்பவர் குடையை மடக்கிக்கொண்டு போனார். பிறகு ஆர்டர் வந்தது. குடையும் வந்தது. யார் குறைத்தார்கள், யார் கூட்டினார்கள் என்று கேட்பதை அதோடு விட்டுவிட்டோம்.

3

தொண்ணூறுகள் தொடங்கிச் சில காலம் ஆனபின், ஒரு நாள் எல்லா ஷிஃப்டையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். லிம் கையில் வைத்திருந்த தாளை முதலில் ஆங்கிலத்தில் படித்தார். பிறகு தாளைப் பார்க்காமல் மலாயில் சொன்னார். இங்கே சம்பளம் ஏறிவிட்டது. ஆள் கிடைப்பதில்லை. கம்பி ஒட்டும் லைன், அதாவது எங்கள் மெஷின் வரிசை முழுவதும் இடம் மாறுகிறது.

"எங்கே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மெட்ராஸ். தம்பாரம் என்று ஓர் இடம்."

தாம்பரத்தைத்தான் அப்படிச் சொன்னார். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் சில ஸ்டேஷன். பள்ளிக்கூட நாட்களில் அத்தை வீட்டுக்குப் போக நான் இறங்கும் ஊர். மேஜைக்கு மேஜை தலைகள் என் பக்கம் திரும்பின. லைனில் இந்தியாவில் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

லிம் என்னைத் தனியே அழைத்தார். மெட்ராஸிலிருந்து நான்கு பேர் பழக வருகிறார்கள், அவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பழக்கமில்லை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சரி என்றேன். மறுக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வேலை சொன்னால் செய்வது என்றே பதினைந்து வருடத்துக்கு மேல் பழகியிருந்தது.

பஸ்ஸில் சரோஜா என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து, திரும்பாமலே சொன்னாள்: "உனக்கென்னக்கா. உன் ஊருக்குத்தானே போகுது."

"என் ஊர் பிரிக்பீல்ட்ஸ் சரோஜா."

"சும்மா லா. சிவப்பு ஐசி வச்சிக்கிட்டு."

அன்று அவள் பங்சாரில் இறங்கவில்லை. ஃபெடரல் ஹைவேயிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நேராகக் கிள்ளான் பஸ் பிடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோன் செய்தேன். அண்ணனுக்குச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. "பேப்பர்ல போட்டிருக்கான் லலிதா! அமெரிக்கா கம்பெனி. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு நிறைய வேலையாம். நீ பார்க்கிற கம்பெனிதானே? நம்ம ஏரியாவுக்கு விடிஞ்சுது போ!" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அப்பா இறந்தபின் நான் கேட்டதில்லை. எங்கள் லைன் மூடப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாண்ணே, நல்ல கம்பெனிதான்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அதுவும் பொய்யில்லை.

4

நான்கு பேரில் ஒருவர் எஞ்சினியர். மற்ற மூவரும் பெண்கள். மூத்தவள் விஜயா. குரோம்பேட்டைக்காரி, முன்பு ரேடியோ பாகம் செய்யும் சிறு கம்பெனியில் சூப்பர்வைசர். என் வயதுதான் இருக்கும். இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதல் நாள் அவளை மெஷினில் உட்காரவைத்து, "லைட்ட பாசாங் பண்ணுங்க" என்றேன்.

"என்ன பண்ணணும்?"

"பாசாங்... லைட்டு, பாசாங்." என் வாயில் வேறு சொல் வரவில்லை. பாசாங் மலாய்ச் சொல் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கையைக் கொண்டுபோய் ஸ்விட்சைப் போட்டேன்.

"ஓ, போடணுமா! பாசாங்கு பண்ணச் சொல்றீங்களோன்னு பார்த்தேன்" என்றாள் விஜயா. பக்கத்து மெஷினில் சரோஜா சிரித்துவிட்டாள். கேன்டீன் கூட்டத்துக்குப் பிறகு என் காது கேட்க அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு உடனே மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மதியம், கேன்டீனில் எல்லோரும் ஒரே மேஜையில் இருந்தோம். விஜயா சரோஜாவிடம் சாதாரணமாகக் கேட்டாள்: "அங்க லைன் ஓட ஆரம்பிச்சதும் உங்களுக்கு வேலை கொஞ்சம் குறையும், இல்ல?"

சரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பிச்சாங்க?"

"இங்க இடம் பத்தல, அதனால அங்கயும் ஒண்ணு தொறக்கறாங்கன்னு."

"இங்க மூடறாங்க" என்றாள் சரோஜா. "நீங்க கத்துக்கிட்டதும் இந்த மெஷினு உங்ககூட வரும். நாங்க வீட்டுக்குப் போறோம். இந்த அக்கா, நானு, அந்த மேஜைல இருக்கவங்க, எல்லாரும்."

விஜயா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். எஞ்சினியர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை விஜயா மெஷினில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்: "என்னால முடியலக்கா. உங்க எதிர்லயே உட்கார்ந்து, உங்க வேலையப் பிடுங்கிட்டுப் போக... வேற யாரையாவது அனுப்பச் சொல்லிடறேன்."

சரோஜாதான் எழுந்து வந்தாள். அந்தப் பெண்களிடம் தானாகப் போய் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றிருந்தவள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ கத்துக்கலன்னா இன்னொருத்தி கத்துப்பா. அதுக்காக மெஷினு இங்கயே நிக்கப் போவுதா? உனக்குப் பிள்ளைங்க இருக்கில்ல? உக்காரு."

விஜயா உட்கார்ந்தாள். சரோஜா அவள் தோளைப் பிடித்து நேராக்கினாள். "கழுத்த ஒடிச்சுக்காத."

அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது. யாரும் அழவில்லை. அன்று எங்கள் வரிசையில் கழிவு குறைவாக இருந்தது என்று லிம் பாராட்டினார்.

5

மெஷின்களைப் பெட்டியில் கட்டத் தொடங்கியபோது லிம் மறுபடி அழைத்தார். தாம்பரத்தில் லைனைத் தொடங்கிவைக்க ஓராண்டுக்கு ஒருவர் வேண்டும். உனக்குச் சொந்த ஊர், போகிறாயா என்றார்.

அண்ணன் ஃபோனில், "வந்துடு லலிதா, மாடி போர்ஷன் காலியாத்தான் இருக்கு" என்றார். கணவர், "உன் இஷ்டம்" என்றார். கவிதாவுக்கு அந்த வருடம் எஸ்.பி.எம்., பள்ளியிறுதிப் பரீட்சை. பதிவு இலாகாவில் கேட்டேன். அவ்வளவு காலம் நாட்டுக்கு வெளியே இருந்தால் மனுவை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம் என்றார்கள். மகளும் நீல அட்டை, கணவரும் நீல அட்டை. நான் ஒருத்தி மட்டும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவதா என்று யோசித்தேன். முடியாது என்று சொன்னேன்.

சரோஜாவை அனுப்பினார்கள்.

அவள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கடவுச்சீட்டே அப்போதுதான் எடுத்தாள். என் அண்ணன் வீட்டு மாடி போர்ஷனில் தங்கினாள். சுபாங் விமான நிலையத்தில் வழியனுப்பப் போனபோது, "பாரேன்க்கா, உன் ஊருக்கு நான் போறேன்" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சிரிக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க எல்லாரும் என்னை மலேசியாக்காரின்னு கூப்பிடுறாங்க."

"நல்லா பார்த்துக்கிறாங்களா?"

"உங்க அண்ணி நல்லா பார்த்துக்குறாங்க. கேட்டுக்கு வெளிய டெய்லி பொம்பளைங்க நிக்குறாங்கக்கா. வேலை கேட்டு. சின்னப் பிள்ளைங்க. எங்க தோட்டத்துல மொதல்ல ஆளெடுக்க வந்தப்ப நாங்க எப்படி நின்னோமோ அதே மாதிரி." பிறகு சொன்னாள்: "எதிர்ல ஒருத்தர் டீக்கடை போட்டிருக்காரு. புதுசா."

பல்லாவரத்தில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு அந்தத் தாம்பரம் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அண்ணன் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். குரோம்பேட்டையில் விஜயா வீட்டின் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டாளாம். எனக்கு ஃபோட்டோ அனுப்பினார்கள். மாலை போட்ட ஃபிரிட்ஜ். உண்மையிலேயே சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷப்பட்டேன் என்றே நினைக்கிறேன்.

இங்கே சுங்கை வே கட்டடம் கொஞ்ச காலம் காலியாக இருந்தது. பிறகு வேறு கம்பெனி எடுத்தது. வட்டத் தகட்டில் ஏதோ பதிகிறார்களாம். ஆள் குறைவு, மெஷின் அதிகம். பாதிப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தட்டு செய்துகொண்டிருந்த சீனர் பட்டறையை விற்றுவிட்டார். சரோஜா ஓராண்டு முடிந்து திரும்பிவந்தபோது அவளுக்கு அங்கே இடமில்லை. இப்போது செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி தரம் பிரிக்கிறாள். "கண்ணுல பார்த்துப் பிரிக்கிற வேலைதானே, அதே வேலைதான்" என்கிறாள்.

6

கவிதா படித்து முடித்துப் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள். அதுவும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிதான், ஆனால் தொழிற்சாலை இல்லை. குளிர்சாதன அறை, கம்ப்யூட்டர். எந்தப் பாகத்தை எந்த நாட்டிலிருந்து வாங்கினால் லாபம் என்று ஒப்பிட்டுச் சொல்வது அவளுடைய பிரிவின் வேலை. என் சம்பளத்தில் படித்த படிப்பு.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். "ஒரு எடத்துலேருந்து வாங்குறத நிறுத்திட்டா, அங்க இருக்கவங்க என்ன ஆவாங்கன்னு உங்க கணக்குல வருமா?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா." கொஞ்சம் யோசித்தாள். "இட்ஸ் ஜஸ்ட் காஸ்ட், மா. யாரும் பர்சனலா செய்றதில்ல லா."

"தெரியும்" என்றேன். "எங்களுக்கும் யாரும் பர்சனலா செய்யல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குத்திக்காட்டுகிறேனோ என்று பார்த்தாள். நான் குத்திக்காட்டவில்லை. அவளுக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. எனக்கு ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. ரசம் ஊற்றினேன். குடித்துவிட்டு, "ஸாரி மா" என்றாள்.

7

நேற்று ஞாயிறு. சரோஜா வந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் ஃபோன் அடித்தது. விஜயா, தாம்பரத்திலிருந்து. எப்போதாவது பொங்கலுக்குக் கூப்பிடுவாள். இது பொங்கல் இல்லை.

"அக்கா, நம்ம லைனு போகுது."

"எங்க?"

"சீனாவாம். நாலு பேர் வந்திருக்காங்க பழக. எல்லாம் பொம்பளைங்க. என்னைத்தான் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

சரோஜா அருகில் வந்து காதை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கறேன். நல்லா சிரிக்கறாங்க. ஒருத்தி தன் பொண்ணு ஃபோட்டோவக் காட்டினா. அவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பியிருக்காங்களோ தெரியலக்கா. இங்க மூடறாங்கன்னு தெரியுமா தெரியாதா... பாஷை தெரியல. மொழிபெயர்க்க ஒருத்தர் இருக்கார், அவர் கம்பெனி ஆளு. இத எங்க சொல்லப்போறார்." அவள் மூச்சு வாங்கியது. "உங்களுக்காச்சும் எங்ககிட்ட தமிழ்ல சொல்ல முடிஞ்சுது. நான் எப்படிக்கா சொல்றது?"

சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும் என்றும் கேட்டிருக்கலாம். சரோஜாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வலது கை தானாக எழுந்ததைக் கவனித்தேன். விரல் என் நெஞ்சைக் காட்டியது. பிறகு முன்னால் ஒரு மெஷின் இருப்பதுபோல் காட்டியது. பிறகு எதிரே இருக்கும் யாரோ ஒருத்தியை. பிறகு வாசலை. பாஷை இல்லாமல் சொல்ல முடியுமா என்று மறுபடி முதலிலிருந்து செய்து பார்த்தேன். நெஞ்சு, மெஷின், நீ, வாசல். புரியும்படிதான் இருந்தது.

ஃபோனில் அது தெரியாது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.